நனையாத நுனி – 7: விளக்கெண்ணெயில் ஊறிய உப்புக்கல்

சென்ற பகுதியில் கதையைப் பாக்கு நீரிணைக் கரையில் விட்டிருந்தோம். 1858இல் கடலடித் தந்திக் கம்பி இலங்கையை இந்தியாவோடு இணைத்தது. அந்தச் செம்புக் கம்பியை உப்பு நீரிலிருந்து காத்தது மலாயக் காட்டு மரமொன்றின் பால். கட்டாபெர்ச்சா என்று உலகம் அழைத்த அந்தப் பிசின் வெந்நீரில் இளகும், குளிர்ந்ததும் இறுகும், கடலடியில் கிடந்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது.

கம்பியோடு கம்பியை மூட்டியவர்களின் கைவேலையையும் பார்த்தோம். முனைகளைச் சாய்வாக அராவி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, மெல்லிய கம்பியால் வரிந்து, கட்டாபெர்ச்சாவும் குங்கிலியமும் தாரும் கலந்த சாட்டர்ட்டன் கலவையைப் பூசுவார்கள். அதன்மேல் சூடாக்கிய பிசினை இருபக்கமிருந்தும் இழுத்து மூடுவார்கள். கையின் எண்ணெய்ப்பசை பட்டாலே மூட்டு பழுது.

நங்கூரமும் பாறையும் கம்பியை அறுப்பது வேறு கதை. நீர் களவாக உள்ளே நுழைவது பெரும்பாலும் மூட்டு வழியாகவோ நுனி வழியாகவோதான். ஆனால் தந்திக்காரர்களுக்கு ஒரு பெரிய சௌகரியம் இருந்தது. அவர்களுடைய நுனி கடைசியில் கரையேறிவிடும். கூரைக்குக் கீழே, உலர்ந்த மேசையில், பித்தளைத் திருகாணியில் அதை மாட்டிவிடலாம்.

நுனியே நீருக்குள் வேலை செய்ய வேண்டும் என்றால்?

* * *

1848 செப்டெம்பர். இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் மட்டக்களப்புக்கு வந்திருந்தார். ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிரே, துறையடியில், நீருக்குள்ளிருந்து இசை கேட்கிறது என்ற பேச்சு அவர் காதுக்கு எட்டியிருந்தது. மீனவர்களை அழைத்து விசாரித்தார்.

அவர்களுக்கு அது புதினமே இல்லை. தகப்பன்மார் காலத்திலிருந்து தெரிந்த சங்கதி. மழை இல்லாத மாதங்களில் மட்டும் கேட்கும், வெள்ளம் வந்து வாவி பெருகினால் நின்றுவிடும் என்றார்கள். பாடுவது மீனில்லை, ஊரி என்ற ஓட்டுயிர் என்பது அவர்களுடைய கட்சி. டெனன்ட் கேட்டதும் உயிருள்ள ஊரிகளைப் பிடித்தும் வந்து காட்டினார்கள்.

நிலவு எழுந்த பிறகு டெனன்ட் தோணியில் ஏறினார். கோட்டை வாசல் துறையிலிருந்து வடகிழக்கே சுமார் 200 யார் தூரம். காற்றில்லை. துடுப்பு பட்ட இடத்தைத் தவிர நீரில் அசைவில்லை. குறித்த இடத்தை அடைந்ததும் அவர் அதைக் கேட்டார். ஒரே தொனி நீண்டு ஒலிக்கவில்லை. சின்னஞ்சிறு ஒலிகள் பல, உச்சமும் மந்திரமும் கலந்து, கீழிருந்து மேலே வந்தன.

பிறகு அவர் செய்ததுதான் நமக்கு முக்கியம். குனிந்து, தோணியின் மரத்தில் காதை வைத்தார். ஒலி பலமடங்கு பெருத்தது.

நீரின் அதிர்வு பலகைக்கு ஏறி, பலகையிலிருந்து எலும்புக்கு ஏறிவிட்டது. மட்டக்களப்பின் கல்லடிப் பக்கத்தில் இன்றைக்கும் சொல்வார்கள்: துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் அமிழ்த்தி, மறுமுனையைக் காதோடு வை என்று. கேட்கிறவருடைய காது நனைவதில்லை. ஒலி மட்டும் மரத்தின் வழியே மேலேறி வருகிறது. 1826இல் ஜெனீவா ஏரியில் கொலாடோன் நீருக்குள் ஒலியின் வேகத்தை அளந்தபோதும் ஒரு குழாயைத்தான் நீருக்குள் இறக்கிக் காதை வெளியே வைத்திருந்தார். விநாடிக்கு 1435 மீற்றர் என்ற அவருடைய கணக்கு இன்றைய கணக்கோடு கிட்டத்தட்டப் பொருந்துகிறது.

டெனன்ட் தோணியில் குனிந்த அதே 1848இல், லண்டனில் மைக்கேல் ஃபரடே, மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுப்பதில் கட்டாபெர்ச்சா எவ்வளவு கெட்டிக்காரச் சரக்கு என்று எழுதி வெளியிட்டார். அதே ஆண்டில் வெர்னர் சீமன்ஸ் கட்டாபெர்ச்சா பூசிய கம்பிகளைக் கீல் துறைமுகத்தின் நீருக்குள் இறக்கினார், கண்ணிவெடிகளைக் கரையிலிருந்து வெடிக்க வைப்பதற்காக. கம்பி நீருக்குள் போய்விட்டது. ஒலியை மின்சாரமாக்கும் கருவிதான் இன்னும் பிறக்கவில்லை. கரித்துகள் ஒலிவாங்கி வருவதற்கு இன்னும் 30 ஆண்டுகள் கிடந்தன.

* * *

அது வந்த பிறகும் நீருக்குள் போகவில்லை!

1901இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் சப்மரின் சிக்னல் கம்பனி தொடங்கியது. பனிமூட்டத்தில் கப்பல்கள் பாறையில் மோதாமல் இருக்க, கலங்கரைக் கப்பல்களுக்குக் கீழே நீருக்குள் மணி அடிப்பது அதன் திட்டம். மணியோசையைக் கப்பல் கேட்கவேண்டும். எப்படி?

கப்பலின் இரும்புச் சுவருக்கு உட்புறத்தில் சின்னத் தொட்டிகளைப் பொருத்தினார்கள், இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று. தொட்டியில் நீர். நீரில் ஒலிவாங்கி. கடலின் அதிர்வு இரும்பைக் கடந்து தொட்டி நீருக்கு வரும், அங்கிருந்து கருவிக்கு. ஒலிவாங்கி கடலைத் தொடவே இல்லை. வயரின் நுனி கப்பலுக்குள்ளேயே பத்திரமாக இருந்தது.

டெனன்ட் தோணிப் பலகையில் காதை வைத்த அதே வேலை. நீர் புகாமல் தடுக்க எத்தனையோ வழிகளை இந்தத் தொடரில் பார்க்கப் போகிறோம். அவற்றில் இதைப் போல் புத்திசாலித்தனமானது வேறில்லை என்பேன். நனையக்கூடாதா, நனையும் இடத்துக்கே போகாதே.

ஆனால் இதில் ஒரு குறை. கப்பலுக்குள் இருக்கும் காதுக்குக் கப்பலின் எஞ்சின்தான் முதலில் கேட்கும். ஓங்கி அடிக்கும் மணி என்றால் சரி. மெல்ல வரும் பகைவன்?

1914 செப்டெம்பர் 22. வட கடலில் ஜெர்மனியின் யு-9 நீர்மூழ்கி ஒரே காலையில் மூன்று பிரித்தானியப் போர்க்கப்பல்களை மூழ்கடித்தது. இறந்தவர்கள் 1400 பேருக்கு மேல். அன்றோடு விவாதம் முடிந்தது. கப்பலுக்குள் பொத்தி வைத்த காது போதாது. அது வெளியே, கடலடியில், இரைச்சலுக்கு அப்பால் கிடக்கவேண்டும்.

* * *

1915இல் ஸ்கொட்லாந்தின் ஹோக்கிரெய்க் முனையில் கடற்படைக் கமாண்டர் ரையன் கடலடியில் கேட்கருவிகளை வைத்து, கேபிளைக் கரைக்கு இழுத்துக் கேட்டுப் பழகினார். உலோகப் பெட்டி, அதிரும் தகடு, உள்ளே கரித்துகள். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே தட்டையான றப்பர் வளையம், சுற்றிலும் திருகாணிகள். கேபிள் வெளியேறும் துளைக்கு ஆவி எஞ்சின்காரர்களின் பழைய வித்தை: தண்டைச் சுற்றிக் கொழுப்பூட்டிய சணலைத் திணித்து இறுக்குவார்களே, அது.

ஒழுகாத பெட்டிக்குள்ளும் ஈரம் வந்தது. கரித்துகள் ஈரம் கண்டால் கட்டிபட்டுச் செவிடாகிவிடும். நீர் எங்கிருந்து வந்தது?

நம் வாவியை வைத்தே கணக்குப் பார்ப்போம். காற்று அடைத்த ஓர் உலோகப் பெட்டி தோணித் தட்டில் மத்தியான வெயிலில் கிடக்கிறது. உள்ளே 50 பாகை செல்சியஸ் சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 28 பாகை நீருக்குள் போடுகிறோம். உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து, அதன் அழுத்தம் நூற்றுக்கு ஏழு பங்கு குறையும். அதாவது 70 சென்றிமீற்றர் உயர நீர் தள்ளுகிற அளவுக்கு ஓர் உறிஞ்சல். பெட்டியே வாயைக் குவித்து வெளி நீரை இழுக்கிறது. மயிரிழை அளவு இடுக்கு இருந்தால் போதும். வெயிலில் எடுத்துவைத்தால் உள்ளிருக்கும் காற்று பெருத்து வெளியே கசியும், மறுபடி போட்டால் இன்னும் ஒரு மடக்கு உள்ளே வரும். நாலு நாளில் பெட்டிக்குள் குட்டி வாவி.

ஆள் உயரம்கூட ஆழமில்லாத இடங்கள் நிறைந்த மட்டக்களப்பு வாவியில், ஆழத்தின் அழுத்தத்துக்கு நிகரான வேலையை வெயிலே செய்துவிடும். உள்ளே போன நீரும் லேசுப்பட்டதில்லை. மாரியில் நன்னீர் பெருகி, முகத்துவாரம் உடைத்துக் கடலோடு கலந்து, கோடையில் மணல் அடைத்து உவர்ப்பாய் நிற்கும் நீர் அது. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். கடத்துகிற நீருக்குள் இரண்டு செம்பு முனைகள் இருந்து நேர்மின்சாரமும் ஓடினால், நேர்முனை கரைந்து பச்சைக் களிம்பாகிப் போகும்.

ஆழம் கூடினால் வேறு வகையில் ஆபத்து. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக் கடலில் ஜப்பானிய விமானங்கள் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிசை மூழ்கடித்தன. 307 பேர் மாண்டார்கள். விமானந்தாங்கியில் அன்றைக்கு ஒரு விமானமும் இல்லை. நீருக்குள் எத்தனை காது வைத்திருந்தாலும் அன்று பயனில்லை, மரணம் வந்தது வானத்தால். அந்தக் கப்பல் இன்றும் ஏறத்தாழ 50 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. அவ்வளவு ஆழத்தில் காற்றடைத்த ஒரு பெட்டியை வைத்தால், பத்துக்குப் பத்து சென்றிமீற்றர் மூடி ஒன்றின்மேல் மட்டும் அரைத் தொன் பாரம் ஏறும். எந்தச் சணல் தாங்கும்?

* * *

இங்கேதான் கதை திரும்புகிறது. திருப்பியது ஓர் உப்பு.

பிரான்சின் லா ரொஷெல் நகரில் 17ஆம் நூற்றாண்டில் செஞெத் என்ற மருந்துக்காரர் செய்த ரொஷெல் உப்பு, வயிற்றைக் கழுவக் கொடுக்கும் மருந்து. 1880இல் கியூரி சகோதரர்கள் அதில் வேறொரு குணத்தைக் கண்டார்கள். அதன் படிகத்தை அழுத்தினால் மின்சாரம் பிறந்தது. குவார்ட்சிலும் பிறக்கும், ஆனால் ரொஷெல் உப்பில் பிறப்பது பன்மடங்கு. மெல்லிய ஒலிக்குக்கூட உணர்வு காட்டும் காது.

ஒரே ஒரு சங்கடம். அது உப்பு. நீரில் கரையும். கரைவதற்கு நீரில் விழவேண்டும் என்றுகூட இல்லை, புழுக்கமான காற்றே போதும், படிகம் கசிந்து ஒழுகும். காற்று மிகவும் உலர்ந்தாலும் ஆகாது, தன்னுள் இருக்கும் நீரை இழந்து பொடியாகும். 55 பாகை சூட்டில் அழிந்துவிடும்.

இப்படிப்பட்ட ஒன்றைக் கடலுக்குள் இறக்க வேண்டும் என்று எவருக்குத் தோன்றும்? தோன்றியது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படையின் கேட்கருவிகளுக்குள் ரொஷெல் உப்புப் படிகங்கள் போயின. எதில் ஊறிக்கொண்டு போயின தெரியுமா?

விளக்கெண்ணெயில்!

நம் ஊர் வேலியோரத்து ஆமணக்கின் எண்ணெய்தான். பேதி மருந்தைப் பேதி எண்ணெயில் போட்டுக் கடலுக்குள் அனுப்பினார்கள் என்று சிரிக்கலாம். ஆனால் அந்தத் தேர்வில் இருந்த நுட்பத்தைக் கவனியுங்கள். விளக்கெண்ணெயில் ஒலி ஓடும் விதம் கடல்நீரில் ஓடும் விதத்துக்கு மிகக் கிட்ட. ஒலி எல்லையில் முட்டித் திரும்பாமல் உள்ளே வந்துவிடும். எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. உப்பை அது கரைப்பதில்லை. முதலில் அதைச் சூடாக்கி, வெற்றிடத்தில் வைத்து, கரைந்திருக்கும் காற்றையும் ஈரத்தையும் உருவி எடுத்த பிறகே நிரப்பினார்கள். வெளியுறை இரும்பாக இருக்கவேண்டிய கட்டாயமும் போயிற்று. நீரின் குணத்தோடு பொருந்தும்படி கலந்து செய்த றப்பரே சுவர்.

காற்று இருந்த இடத்தில் எண்ணெய். இந்த ஒரு மாற்றத்தில் எவ்வளவு பிரச்சினை தீர்ந்தது பாருங்கள். எண்ணெயை அழுத்தினால் பெரிதாகச் சுருங்காது, ஆகவே 50 மீற்றர் ஆழத்தில் றப்பர் சுவர் சற்றே உள்வாங்கும், உடனே உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் ஒன்றாகிவிடும். அரைத் தொன் பாரம் இல்லாமலே போனது. உள்ளே வரத் துடிக்கும் நீருக்கு இப்போது தள்ளுகிற கை இல்லை. வெயிலில் காய்ந்து நீரில் குளிர்ந்தாலும் உறை சற்று விரிந்து சுருங்கும், அவ்வளவுதான். மூச்சு வாங்குவதற்குக் காற்றே கிடையாது.

அதுவரை தடுத்தவர்கள் எல்லாரும் சுவரைத் தடிப்பாக்கினார்கள். இவர்கள் சுவரை மெல்லிசாக்கிவிட்டு, இரு பக்கத்துச் சண்டையையே சமன் செய்தார்கள். இன்று ஆழ்கடல் எண்ணெய்க் கிணறுகளில் மின்னிணைப்பு மாட்டுபவர்களும் அடிப்படையில் இந்த வழியில்தான் நிற்கிறார்கள்.

(ரொஷெல் உப்பின் ஆட்சி அதிக நாள் நீடிக்கவில்லை. போர் முடிவதற்குள்ளேயே, சூட்டைத் தாங்கும் வேறொரு படிகம் அதன் இடத்துக்கு வந்தது. அதுவும் நீரில் கரைவதுதான். பிறகு வந்தன சுட்டெடுத்த மண்வகைகள். விளக்கெண்ணெய் மட்டும் நிலைத்தது.)

* * *

காது பிழைத்தது. காதிலிருந்து புறப்படும் வயர்?

கேட்கருவியின் கேபிளுக்குள் இருப்பது ஒற்றைக் கம்பி இல்லை, முறுக்கிய பல இழைகள். இழைகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளிகள். விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல அந்த இடைவெளிகள் நீரை ஏற்றும். கேபிளின் மேலுறையில் எங்கோ நூறு அடிக்கு அப்பால் ஒரு கீறல் விழுந்தால், நீர் அங்கே நிற்காது. இழைகளுக்குள்ளாகவே நடந்து வந்து, பூட்டிய வீட்டுக்குள் பின்கதவால் நுழையும். அதற்காகத்தான் இழைகளின் இடுக்குகளில் பசையை நிரப்பிக் கேபிள் செய்தார்கள். உறையைக் கடக்கும் இடத்தில் இழைகளை வெட்டி, இடையில் திண்மையான ஓர் உலோகக் குச்சியைப் பற்றவைத்தார்கள். குச்சிக்குள் இடுக்கு இல்லை.

குச்சிக்கு வெளியே? உலோகத்துக்கும் அதைச் சுற்றியிருக்கும் றப்பருக்கும் நடுவே நீர் ஊர்ந்து போகலாமே. கோந்து பூசினால் உப்பு நீரில் உரிந்துவிடும்.

இந்த இடத்தில் பழைய பகைவன் ஒருவன் நண்பனாக வருகிறான். மூன்றாம் பகுதியில் சீமன்ஸ் பிரஷ்யாவின் நிலத்தடியில் போட்ட தந்தி வழிகள் சில ஆண்டுகளிலேயே கெட்டதைப் படித்திருப்பீர்கள். கட்டாபெர்ச்சாவைக் கெட்டியாக்கக் கலந்த கந்தகம் செம்பைத் தின்று கரிய செப்புக் கந்தகையாக்கியது. அது மின்சாரத்தைக் கசியவிட்டது. கந்தகம் என்றாலே தந்திக்காரர்கள் அலறினார்கள்.

றப்பரைக் கந்தகம் சேர்த்து வேகவைத்தால்தான் அது வல்கனைஸ் ஆகும். அப்படி வேகும்போது பக்கத்தில் பித்தளை இருந்தால், றப்பரிலுள்ள கந்தகம் பித்தளையிலுள்ள செம்பைப் பிடிக்கிறது. நடுவே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம். அதே செப்புக் கந்தகை! இம்முறை அந்தப் படலம் உலோகத்தையும் றப்பரையும் பிரிக்க முடியாதபடி கவ்விக்கொள்கிறது. இழுத்தால் றப்பர் கிழியும், ஒட்டிய இடம் விடாது. இரும்பாக இருந்தால் அதன்மேல் பித்தளை முலாம் பூசிவிட்டு றப்பரை வார்த்தார்கள். அன்று கம்பியைக் கொன்ற பொருளே ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து அதன் வாசலைக் காத்தது.

ஆக, போர் முடிந்தபோது நீருக்குள் வேலை செய்யும் நுனி ஒன்று மனிதனிடம் இருந்தது. உள்ளே எண்ணெய், சுற்றிலும் றப்பர், வாசலில் கந்தகப் பூட்டு.

* * *

டெனன்ட் கேட்ட பாட்டு பிற்காலத்தில் வானலையில் ஏறியது. யேசு சபைத் துறவி லாங் அடிகளாரின் துணையோடு அந்த ஒலி பதிவாகி இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது. தோணியில் குனிந்து கேட்க முடியாதவர்களும் வீட்டுக்குள் இருந்து கேட்டார்கள். பாடுவது மீனா ஊரியா என்ற வழக்கு அதனால் தீரவில்லை.

இனி ஒரு தோணிக்காரரின் இடத்தில் நின்று பாருங்கள். வாவியில் கேட்கப் போகிறவர் கருவியை ஒரு கையில், கேபிள் சுருளை மறு கையில், பதிவுப் பெட்டியைத் தோணியின் நடுவில் வைத்திருக்கிறார். மூன்றும் கரையில் தனித்தனி, நீரில் ஒன்று. வாவியில் இடம் மாறும்போதெல்லாம் கழற்றவேண்டும், மாட்டவேண்டும். நிலா வெளிச்சத்தில், ஈரக் கையோடு, ஆடுகிற தோணியில். இதுவரை நாம் பார்த்த பொருத்துகள் எதுவும் அவருக்கு உதவாது. கட்டாபெர்ச்சா மூட்டை வெட்டினால்தான் பிரியும். கந்தகம் கவ்வியதைக் கழற்ற வழியே இல்லை. தட்டை வளையத்தை அவிழ்த்துப் பூட்ட அரை மணி நேரமும் ஒரு பெட்டி ஆயுதங்களும் வேண்டும்.

அவருக்கு வேண்டியது கையால் திருகினால் திறந்து, கையால் திருகினால் நீர் புகாமல் மூடுகிற பிளக்.

அதற்கான விடை கடலோடு சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் ஏற்கெனவே இருந்தது. டென்மார்க்கிலிருந்து 1891இல் அமெரிக்காவுக்குப் போன நீல்ஸ் கிறிஸ்டென்சன், வண்டிகளுக்குக் காற்றழுத்த பிரேக் செய்வதில் வாழ்நாளைக் கழித்தவர். 1937இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது வயது 72. அவர் கொடுத்த படத்தில் இருந்தது உருண்டையான ஒரு றப்பர் வளையமும் அது உட்காரும் ஒரு பள்ளமும் மட்டுமே. பள்ளத்தின் நீளம் வளையத்தின் தடிப்பைவிடச் சற்றே அதிகம். அந்தச் சின்ன மிகுதியில்தான் சூட்சுமம்: வெளியிலிருந்து அழுத்தம் கூடக் கூட, அந்த வளையம் இன்னும் இறுக்கமாக மூடும்.

அப்படியானால் நீர் தள்ளத் தள்ள, நீரே கதவைச் சாத்துகிறது. ஆனால் கிறிஸ்டென்சன் கணக்குப் போட்டது சுத்தமான எண்ணெய் ஓடும் உருளைகளுக்கு. மணலும் ஊரித் தூளும் மிதக்கும் வாவியில், வளையத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரே ஒரு பருக்கை சிக்கினால் என்ன ஆகும்?

(தொடரும்)